லயத்தில் செங்கண்மாரி: பி.எச்.ஐ. வந்தால் எதைத் தேடுவார், நாம் எதை எடுத்து வைக்க வேண்டும்?

மேற்கணக்கு_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஒரே டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) மூன்று கிழமைக்குள் ஒன்பது பேருக்குச் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை), அதில் ஐந்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸிலிருந்து இந்தக் கிழமை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) ஒரு பீலி (ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம்), மற்ற மூன்று லயத்துக்கும் டேங்கிலிருந்து குழாய்த் தண்ணீர்.

லயத்துச் சனம் பீலித் தண்ணீர்தான் காரணம் என்கிறது. சிலர் கோயில் அன்னதானம் என்கிறார்கள். தோட்டத்து ஒபிஸிலோ, பிள்ளைகள் ரோட்டில் வாங்கித் தின்ற அச்சாறு என்கிறார்கள். வருகிறவர்கள் இதில் எது என்று எப்படிப் பிரித்து அறிவார்கள்? தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனால் போதுமா? அவர்கள் வருமுன் நாங்கள் எதை எழுதி வைத்தால் உதவியாக இருக்கும்?

பழைய_பரிசோதகர்

டீச்சர், அந்த மூன்று காரணத்தையும் இப்போதைக்கு மூட்டை கட்டி ஓரமாக வையுங்கள். காரணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆளைத் தேடினால், அந்தக் காரணத்துக்குப் பொருந்துகிற ஆள்தான் கண்ணில் படும்.

நடைமுறை இப்படி. செங்கண்மாரி அறிவிக்க வேண்டிய நோய். 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பார்த்த வைத்தியர் சந்தேகம் வந்த உடனேயே எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி குடியிருக்கும் பகுதி எம்.ஓ.எச்.சுக்கு அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே பதிவேட்டில் ஏறியதும் அந்தப் பகுதிப் பி.எச்.ஐ. வீட்டுக்குப் போய்ப் பார்த்து எச் 411இல் அறிக்கை எழுதுவார். ஒரே இடத்தில் பல பேர் என்று தெரிந்தால் எம்.ஓ.எச். அதை மாவட்ட மட்டத்துத் தொற்றுநோயியல் வைத்தியருக்கும் கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்கும் தெரியப்படுத்துவார்.

தோட்டத்தில் இந்தச் சங்கிலி எங்கே அறும் தெரியுமா? விலாசத்தில். படிவத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். டிவிஷன் இருக்காது, லயன் நம்பர் இருக்காது. ஆஸ்பத்திரியில் ஒரு பெயர், செக்ரோலில் (வேலையாள் பதிவேட்டில்) வேறு பெயர், லயத்தில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். ஒரே ஆள் இரண்டு தரம் எண்ணப்படுவார், அல்லது எண்ணப்படாமலே போவார். ஆகவே நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி: ஒன்பது பேருக்கும் டிவிஷன், லயன் நம்பர், காம்பரா (அறை) நம்பர், இரண்டு பெயர்களும். இது போதும், பாதி வேலை முடிந்தது.

ஒன்பது பேர் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன கணக்கு. கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துவிட்டுப் பத்தியத்தோடு வீட்டில் படுத்திருப்பவர்கள் அதில் இல்லை. பி.எச்.ஐ. அவர்களைத் தேடுவார். பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து நான்கு நாள் வராத பிள்ளை, செக்ரோலில் ஒரு கிழமை பேர் விழாத ஆள், தோட்டத்து மருந்து வீட்டுப் புத்தகம், பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்), நாட்டு மருந்து கொடுப்பவர், டவுன் பாமசி. வரவுப் பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கிறது. கடந்த இரண்டரை மாதத்தைப் புரட்டி, நீளமாக வராத பிள்ளைகளின் பெயரை எடுத்து வையுங்கள்.

அடுத்தது, யாரை நோயாளி என்று எண்ணுவது. அதற்கு ஒரு வரையறை எழுதி வைப்பார்கள்: இன்ன தேதிக்குப் பிறகு, இந்த டிவிஷனில் தங்கியிருந்து, கண் மஞ்சளானவர் அல்லது தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர் போனவர். தேதி, இடம், அறிகுறி மூன்றும் இருக்க வேண்டும். இதை முதல் நாளே எழுதாவிட்டால் நாலாம் லயத்தில் காய்ச்சல்காரரும் கணக்கில் சேருவார், ஐந்தாம் லயத்தில் சேரமாட்டார். மஞ்சள் கண் எல்லாமே ஏ வகைச் செங்கண்மாரி (ஹெபடைடிஸ் ஏ) அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். கெண்டைக்கால் வலி, வயலிலோ சேற்றிலோ இறங்கிய வேலை என்றால் அதையும் பார்க்க வேண்டும்.

பிறகு நோயாளிப் பட்டியல். ஆளுக்கு ஒரு வரி: வயது, ஆண் பெண், வேலை, எந்த மலையில் கொழுந்து எடுத்தார், காய்ச்சல் தொடங்கிய நாள், கண் மஞ்சளான நாள், வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து, கொதிக்க வைக்கிறார்களா, மலசலகூடம், பள்ளிக்கூடம், கடந்த 50 நாளில் வெளியூர் போனாரா. கொழும்பில் கடை வேலை செய்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போனார்களா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

தேதி கேட்பதில் ஒரு பக்குவம் வேண்டும். "எத்தனையாம் தேதி காய்ச்சல்?" என்றால் கண்டபடி ஒரு எண் வரும். "சம்பளத்துக்கு முன்னமா பின்னமா? போயாவுக்கு எத்தனை நாள் கழித்து? அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனீர்களா?" என்று கேட்டால் சரியான நாள் வந்து விழும்.

வளைகோடு

மேலே சொன்னதோடு ஒரு கணக்கு. டீச்சர் கேட்ட "எப்படிப் பிரித்து அறிவார்கள்" என்பதற்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஏ வகைச் செங்கண்மாரிக்கு அடைகாலம், அதாவது கிருமி உள்ளே போனதிலிருந்து நோய் காட்டும் வரை, 15 முதல் 50 நாள். சராசரி 28. ஆக இன்றைக்கு மஞ்சளான பிள்ளை போன கிழமை தின்ற அச்சாற்றுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. கேட்க வேண்டியது சுமார் ஒரு மாதத்துக்கு முந்திய தண்ணீரையும் சாப்பாட்டையும். வயிற்றுளைவு (சீதபேதி) என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாள் பின்னே போனால் போதும். நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டு) என்றால் ஒரு கிழமையிலிருந்து ஒரு மாதம். நோய் எது என்று உறுதியாகாமல் பின்னோக்கிக் கேட்பது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

சதுரக் கட்டத் தாளில் நோய் தொடங்கிய நாளை வரையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கட்டம். இந்த நோய்க்கு ஒரு கிழமையை ஒரு நிரலாக வைத்தால் சரி. நாளுக்கு ஒரு நிரல் வைத்தால் பல்விழுந்த சீப்பு மாதிரி ஒன்றும் புரியாது. ஒரே குன்றாக எழுந்து இறங்கினால், எல்லாரும் ஏதோ ஒரு சில நாளில் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஒரு மாத இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள் வந்தால் ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுகிறது. தட்டையாக இழுபட்டுக்கொண்டே போனால் ஊற்று இன்னும் அசுத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு பாவனைக் கணக்கு. முதல் ஆள் மார்ச் 10, நடு ஆள் மார்ச் 20, கடைசி ஆள் ஏப்ரல் 4 என்று வையுங்கள். கடைசி ஆளிலிருந்து 50 நாள் பின்னே: பெப்ரவரி 13. முதல் ஆளிலிருந்து 15 நாள் பின்னே: பெப்ரவரி 23. நடு ஆளிலிருந்து 28 நாள் பின்னே: பெப்ரவரி 20. ஆக 13க்கும் 23க்கும் இடையில் அந்த டிவிஷனில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. மேற்குப் பக்க மலைகளில் அது வறட்சிக் காலம். வழக்கமான ஊற்று மெலிந்து, கீழே இருக்கும் ஓடைத் தண்ணீரைக் குழாயில் திருப்பினார்களா? குழாய் உடைந்து ஒட்டுப் போட்டார்களா? இடையில் ஒரு பெருமழை பெய்ததா? தோட்டத்து ஒபிஸில் மழைமானி அளவை அன்றாடம் எழுதுகிற புத்தகம் இருக்கும். அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து வையுங்கள். விசாரணைக்கு வருகிறவர் கேட்க மறந்தாலும் நீங்கள் நீட்டுங்கள்.

இனி நோய் வராதவர்கள். நோயாளிகளை மட்டும் கேட்டால் "ஒன்பது பேரும் பீலித் தண்ணீர் குடித்தார்கள்" என்று வரும். அந்த லயத்தில் இருக்கிற எல்லாரும்தானே குடித்தார்கள்! அதனால் முழுச் சனத்தொகையும் தேவை. செக்ரோலில் வேலையாட்கள் மட்டும்தான் இருப்பார்கள். தோட்டத்தில் பேர் இல்லாமல் வெளியே வேலைக்குப் போகிறவர்கள், வயசாளிகள், கைக்குழந்தைகள் மிட்வைப் அம்மாவின் பதிவேட்டிலும் கிராம சேவகர் பட்டியலிலும் கிடைப்பார்கள். பீலி குடித்தோர் 86 பேரில் 21 பேருக்கு நோய், குடிக்காத 124 பேரில் 4 பேருக்கு என்று வந்தால்: முதலாவது 24.4 சதவீதம், இரண்டாவது 3.2 சதவீதம், கிட்டத்தட்ட ஏழரை மடங்கு. (எண்கள் கணக்குக்காக வைத்தவை.) இதே கணக்கை அன்னதானத்துக்கும் அச்சாற்றுக்கும் தனித்தனியே போடுவார்கள். அன்னதானம் காரணமென்றால் பந்தியில் உட்கார்ந்த பணியக்கணக்கு (கீழ் டிவிஷன்) ஆட்களுக்கும் வந்திருக்க வேண்டும். அச்சாறு என்றால் அந்த வண்டிக்காரர் நிற்கிற மற்றப் பள்ளிக்கூடங்களிலும். அங்கே ஒருவருக்கும் இல்லை என்றால் அந்தக் கதை முடிந்தது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பொருந்தாத அந்த நான்கு பேர். குழாய்த் தண்ணீர் லயத்தில் இருந்துகொண்டு நோய் வாங்கிய ஆள்தான் பலவேளை துப்பைத் தருவார். "காலையில் கொண்டுபோன தேத்தண்ணி முடிந்தால் மலையில் எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

லேப்_வாசல்

மாதிரி எடுப்பது பற்றி மட்டும்.

இரத்தம் எல்லாரிடமும் எடுக்கத் தேவையில்லை. அண்மையில் மஞ்சளான ஐந்திலிருந்து பத்துப் பேரிடம் 3 முதல் 5 மில்லி, எதுவும் கலக்காத சாதாரணக் குழாயில். ஏ வகைக்கும் ஈ வகைக்கும் சேர்த்து ஐ.ஜி.எம். (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்பொருள்) சோதனை கேட்க வேண்டும். ஈ வகை என்றால் கர்ப்பிணிகள் பாடு ஆபத்து, கடைசி மூன்று மாதத்தில் உயிருக்கே உலை. ஆகவே டிவிஷனில் கர்ப்பிணிகள் யார் யார் என்று மிட்வைப் அம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

தண்ணீருக்குச் சுத்திகரித்த போத்தல், உள்ளே சோடியம் தயோசல்பேற் போட்டது. அது குளோரினை முறிக்கும். இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், முடிவு பொய்யாக "நல்ல தண்ணீர்" என்று வரும். சோடாப் போத்தலைக் கழுவிப் பிடிப்பது வீண் வேலை. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, போத்தல் வாயைத் தொடாமல், மேலே ஒரு அங்குலம் காற்றுக்கு இடம் விட்டுப் பிடிக்க வேண்டும். ஐஸ் போட்ட ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டி. ஆறு மணித்தியாலத்துக்குள் லேப்புக்கு வந்தால் நல்லது, 24 மணித்தியாலம் தாண்டினால் கொட்டிவிடலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து அனுப்பாதீர்கள், தயவு செய்து.

வயிற்றுளைவு விசாரணை என்றால் மல மாதிரியை அன்டிபயோட்டிக் தொடங்குமுன் கெரி பிளேயர் ஊடகத்தில் (கிருமி வழியில் சாகாமல் வைக்கும் கலவை) எடுக்க வேண்டும். மருந்து கொடுத்த மறுநாள் எடுத்தால் ஒன்றும் வளராது.

மேற்கணக்கு_டீச்சர்

நன்றி சேர், நன்றி எல்லாருக்கும். ஒரு சந்தேகம். போன கிழமையே தோட்டத்தில் பீலித் தண்ணீரைப் பரிசோதித்து ஈ.கோலை (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) இல்லை, தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் பீலி இல்லையா?

லேப்_வாசல்

இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ரிப்போர்ட் போன கிழமைத் தண்ணீரைப் பற்றியது. உங்களுக்குத் தேவை ஒரு மாதத்துக்கு முந்திய தண்ணீர், அது எப்போதோ ஓடிப்போய்விட்டது. இரண்டாவது, லேப்பில் பார்ப்பது ஈ.கோலையை. செங்கண்மாரி வைரஸை அல்ல. ஈ.கோலை குளோரினுக்குச் சீக்கிரம் சாகும், வைரஸ் அதைவிட நின்று பிடிக்கும். மாதிரி எடுக்குமுன் யாராவது தண்ணீரில் குளோரின் தூளைக் கொட்டினார்களா என்று விசாரியுங்கள். 100 மில்லியில் ஈ.கோலை பூச்சியம் என்பது நல்ல செய்திதான். ஆனால் நடந்த குற்றத்துக்கு அது சாட்சி ஆகாது.

ஊற்றுக்கண்

சரியாகச் சொன்னீர்கள். தண்ணீரை லேப்பில் பார்ப்பதைவிடக் காலால் பார்க்க வேண்டும். பீலியிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டே ஊற்று வரை ஏறுங்கள். ஊற்றுக்கு மேலே 30 மீற்றருக்குள் மலசலகூடக் குழி, மாட்டுத் தொழுவம், எரு போட்ட மரக்கறிப் பாத்தி இருக்கிறதா? சரிவு நிலத்தில் தூரத்தைவிட மேலா கீழா என்பதுதான் முக்கியம். அல்கத்தீன் (பிளாஸ்டிக்) குழாய் லயத்துக் கானுக்குள்ளால் (சாக்கடைக்குள்ளால்) ஓடுகிறதா? சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டிய மூட்டு எத்தனை? தண்ணீர் விட்டு விட்டு வருகிற குழாயில், நிற்கும் நேரம் உள்ளே வெற்றிடமாகி, அந்த மூட்டால் கான் தண்ணீரை உறிஞ்சும். டேங்க் மூடி, வழிகுழாயில் வலை, இரண்டையும் பாருங்கள். சந்தேகமான மலசலகூடம் இருந்தால் பி.எச்.ஐ. அதில் சாயம் கரைத்து ஊற்றிவிட்டு, ஊற்றில் நிறம் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

குளோரின் விஷயம். ஓடுகிற பீலியில் தூளைப் போடுவது ஆற்றில் கரைத்த புளி. டேங்க் வேண்டும், அல்லது சொட்டுச் சொட்டாக விடுகிற டிரம் வேண்டும். அளவைக் கண்ணால் போடாதீர்கள். 25 சதவீத ரி.சி.எல். (பிளீச்சிங்) தூள் 40 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் மேல் தண்ணீர் 1 சதவீதக் கரைசல். நான்கு பிளாஸ்டிக் வாளியில் இருபது இருபது லீற்றர் அந்த டேங்க் தண்ணீரை எடுத்து, 1, 1.5, 2, 2.5 மில்லி என்று விடுங்கள். அரை மணித்தியாலம் கழித்து எந்த வாளியில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் நிற்கிறதோ அதுதான் அளவு. 2 மில்லி வாளி என்றால் ஆயிரம் லீற்றருக்கு 100 மில்லி. நான்கிலும் நிற்கவில்லை என்றால் தண்ணீர் கலங்கல், அல்லது தூள் செத்தது. நம் ஊர் ஈரத்தில் வாய் திறந்த மூட்டை சில மாதத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். மணம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

வளைகோடு

ஒரு திருத்தம். மாதிரி எடுக்கும்வரை எதிலும் கை வைக்கக்கூடாது என்று சிலர் டேங்கைத் தொடாமல் நான்கு நாள் காத்திருப்பார்கள். அது பிழை. மாதிரி எடுக்கப் பத்து நிமிடம்தான். போத்தல் வந்ததும் பிடித்துவிட்டு உடனே குளோரின் போடலாம். போத்தல் வர நாளாகும் என்றால் காத்திருக்க வேண்டாம், கொதித்தாறிய நீர் அறிவிப்பை இன்றைக்கே கொடுக்கலாம். காரணம் நிரூபணமாவது ஒரு வேலை, அடுத்த ஆளுக்கு வராமல் பார்ப்பது இன்னொரு வேலை.

பழைய_பரிசோதகர்

ஆமாம், அதில் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. கொதிக்க வைப்பது பற்றி ஒரு பேச்சு அடிக்கடி வரும்: மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அதனால் கிருமி சாகாது என்று. நுவரெலியா உயரத்தில் சுமார் 94 பாகையில் கொதிக்கும். இந்த வைரஸுக்கு 85 பாகையில் ஒரு நிமிடமே போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. பிழை நடப்பது கொதித்த பிறகுதான்: சூடு தணிக்கப் பச்சைத் தண்ணீர் கலப்பது, குவளையைக் கையோடு முக்கி அள்ளுவது.

பிள்ளை மடுவத்தைத் தனியாகப் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாகாது. பிள்ளை சிரித்து விளையாடும், மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். துணி மாற்றிய கையை ஆயம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறாரா, கழுவ அங்கே தண்ணீர் இருக்கிறதா என்பதே கேள்வி. மஞ்சளானவர்கள் ஒரு கிழமையாவது சமையல், பரிமாறல், பிள்ளை பார்த்தல் மூன்றிலும் இருக்கக்கூடாது. ஆனால் மஞ்சளாகுமுன் இரண்டு கிழமை அவர்கள் ஏற்கெனவே பரப்பியிருப்பார்கள். அதனால்தான் நோயாளியைத் தனியே வைப்பதால் மட்டும் இது நிற்பதில்லை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. வருகிற பி.எச்.ஐ.க்குத் தமிழ் குறைவாக இருந்தால் கணக்கப்பிள்ளையோ கங்காணியோ மொழிபெயர்க்க நிற்பார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும் மலசலகூடம் உடைந்து கிடப்பதையும் மலையில் ஓடைத் தண்ணீர் குடித்ததையும் அவர்கள் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களோ இன்னொரு ஆசிரியரோ கூடப் போங்கள். நோயாளிப் பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் விடாதீர்கள். ஒரு பெயர் வெளியே போனால் அடுத்த வீட்டார் நோயை மறைப்பார்கள்.

மேற்கணக்கு_டீச்சர்

பதிவேட்டைப் புரட்டியதில் இன்னும் மூன்று பிள்ளைகள் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, அதில் இரண்டு பேர் குழாய்த் தண்ணீர் லயம். எழுதி வைத்திருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: எப்போது முடிந்தது என்று சொல்வார்கள்?

வளைகோடு

கடைசி நோயாளிக்குப் பிறகு நீண்ட அடைகாலத்தின் இரண்டு மடங்கு, அதாவது 100 நாள் புதிதாக யாருமில்லை என்றால். இடையில் ஒரு மாதம் அமைதியாக இருந்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டாம் சுற்று வரும்; அந்த நேரத்தில்தான் எல்லாரும் கொதிக்க வைப்பதை விட்டிருப்பார்கள். வரவுப் பதிவேட்டை அதுவரை கிழமைக்கொரு தரம் பாருங்கள். அந்தக் குழாய்த் தண்ணீர் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகும் வழியில் எந்தப் பீலியில் வாய் வைக்கிறார்கள் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.